மூன்றாவது பகுதிவரை யாரும் இருப்பதில்லை

என்னிடம் பதினோரு சிடி இருந்தன. பதினொன்றிலும் ஒரே இசை. பிரெஞ்சு ஹார்ன் என்கிற, நத்தைபோலச் சுருண்ட பித்தளைக் கொம்புக்காக இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஐரோப்பியர் எழுதிய நான்கு கான்செர்ட்டோக்கள். அவற்றையே பதினோரு வாத்தியக்காரர்கள் பதினோரு இடங்களில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். "ஒரே பாட்டுக்கு எதுக்குவே பதினோரு சிடி?" துறைமுகத்தில் என்னோடு கண்டெய்னர் கட்டுகிறவர்கள் கேட்டார்கள். டீக்கடைக்காரர் கேட்டார். கோயில் உபதேசியாரும் கேட்டார். அவரிடம் மட்டும், "அருள் நிறைந்த மரியேயை நீங்க தினமும் ஐம்பத்துமூணு தடவை சொல்லுதியல்லா, அது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் சைக்கிள் மிதிக்கிற வேகம் கூடிவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உப்பளத்தில் கொஞ்ச காலம், சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிற ஆளாகக் கொஞ்ச காலம், கொச்சியில் ஓட்டல் பாத்திரம் கழுவிக் கொஞ்ச காலம், பிறகு தோணி. எங்கள் ஊரில் தோணி என்றால் மரத்தில் கட்டிய சரக்குக் கப்பல். வெங்காயமும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். அப்படி ஒரு பயணத்தில், சுற்றுலா விடுதி நடக்கிற தீவு ஒன்றில் செங்கல் இறக்கினோம். விடுதியின் பழைய மேலாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் அறையைக் காலி செய்த குமாஸ்தா ஒரு துணிப்பையை என் கையில் திணித்து, "பாட்டு சிடி, வேணும்னா வச்சுக்கோ" என்று சைகையில் சொன்னான். சினிமாப் பாட்டு இருக்கும் என்று வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் எனக்குக் காய்ச்சல். வெங்காயச் சாக்கு போட்டிருந்த இடத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பிளேயரில் ஒரு சிடியைப் போட்டேன். சினிமாப் பாட்டு வரவில்லை. அடுத்ததைப் போட்டேன், அதே இசை. மூன்றாவதைப் போட்டேன், மறுபடியும் அதே. ஏமாற்றிவிட்டான் என்று குமாஸ்தாவைத் திட்டினேன். நாலாவது சிடியைப் போட்டபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது: அதே இசைதான், ஆனால் இந்த ஆள் வேறே. முந்தின ஆள் அவசரக்காரன். இவன் ஒவ்வொரு சுரத்தையும் ஆற்றி வைக்கிறான். காய்ச்சல் விடுவதற்குள் பதினோரு பேரையும் குரலைக் கேட்டே அடையாளம் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். வேறு செய்யவும் ஒன்றுமில்லை.

கான்செர்ட்டோ என்றால் ஒருவன் முன்னால் நின்று வாசிப்பான். பின்னால் வயலின்காரர்களும் மற்றவர்களும் பெரிய கூட்டமாக உட்கார்ந்து அவனோடு பேசுகிறமாதிரி வாசிப்பார்கள். பெரும்பாலும் மூன்று பகுதி. முதல் பகுதி மிடுக்கு. இரண்டாவது மெதுவாக, பெருமூச்சு விடுகிறமாதிரிப் போகும். மூன்றாவது குதிரை ஓட்டம். கால் தானாகத் தாளம் போடும். சிடி உறைக்குள் இருந்த தாளை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுதியவர் இதைத் தன் சிநேகிதன் வாசிப்பதற்காக எழுதினாராம். எழுதின தாளின் ஓரத்திலேயே அவனைக் கிண்டல் பண்ணியும் வைத்தாராம். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கொம்பைப்போல வாசிக்கிறவனின் மானத்தை வாங்குகிற வாத்தியம் கிடையாது. உதடு ஒரு மயிரிழை பிசகினால் சுரம் உடைந்து, தொண்டை கட்டியவன் கூப்பிட்டமாதிரி வெளியே வரும். ஸ்டூடியோவில் பதிவு செய்தவர்கள் அந்த இடத்தைத் திரும்ப வாசித்து ஒட்டிவிடுவார்கள்போல. பத்து சிடியில் பிசகே இல்லை. பதினோராவது மட்டும் சபையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது பதிவு செய்தது. இருமுகிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள். இரண்டாவது பகுதியின் நடுவில் வாத்தியக்காரனுக்கு ஒரு சுரம் உடைந்தே போகிறது. பதினொன்றிலும் மட்டமானது அதுதான் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அந்தப் பை கைக்கு வந்த பதினாறு வருடங்களில் எத்தனையோ பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் பகுதிக்குத் தலையாட்டுவார்கள். இரண்டாவது தொடங்கியதும் முகம் மாறும். "என்னவே, இழவு வீட்டுப் பேண்டு மாதிரி இருக்கு" என்பார்கள், எழுந்துவிடுவார்கள். "இருங்க, இதுக்கு அடுத்தது நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாசல்வரை போயிருக்கிறேன். மூன்றாவது பகுதிவரை இருந்த ஓர் ஆள் கிடையாது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கடற்கரையில் சாவு விழுந்தால் பேண்டு செட் வரும். பெட்டி வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் போகும்போது பித்தளைகள் மெதுவாக, நீட்டி நீட்டி ஊதும். கல்யாணத்துக்கும் அதே பேண்டுதான், ஆனால் வேகமாக. ஆகவே பித்தளை மெதுவாக ஊதினால் சாவு என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்தக் கதை நடந்தபோது நான் என் தங்கச்சி வீட்டு மாடி அறையில் இருந்தேன். தங்கச்சியின் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. எட்டு வருடம் ஆகிறது. அவள் நெத்திலியும் சாளையும் வாங்கி மொட்டை மாடியில் காயவைத்துக் கருவாடாக விற்கிறாள். ஒரே மகள், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. என்னுடைய ஸ்பீக்கர், மைக்செட்காரர் ஒருவர் சம்பளத்துக்குப் பதிலாகத் தந்த குழாய் ஸ்பீக்கர். கோயில் கொடியேற்றத்துக்குத் தென்னை மரத்தில் கட்டுவார்களே, அதே ரகம். அதில் வயலினெல்லாம் கொசுவாகக் கேட்கும். கொம்பு மட்டும் கொம்பாகக் கேட்கும். வாயில் ஒரு துணியை நன்றாக அடைத்துத்தான் போடுவேன். துணி இருந்தால் சத்தம் அறையைத் தாண்டாது.

தங்கச்சி மகளை, அதாவது என் மருமகளை, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. அப்பா ஒரு தோணியின் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர். அப்போது மாலத்தீவுப் பயணத்தில் இருந்தார். அவர் இல்லாவிட்டாலும் பெண்கள் முதலில் வந்து பார்த்துவிடுவது என்று பேச்சு. பூசை முடிந்து பதினோரு மணிக்கு வருவார்கள்.

பத்தரைக்கு நான் மேலே கைக்கு அகப்பட்ட ஒரு சிடியைப் போட்டுவிட்டுச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி கீழே இருந்து கத்தினாள்.

"அண்ணே, கலர் வாங்கியாச்சா?"

"நீ எப்ப சொன்ன?"

"நேத்து ராத்திரியிலருந்து சொல்லுதேன். உன் காதுலதான் கொம்பு முளைச்சிருக்கே."

அப்படியே எழுந்து போனேன். சிடி ஓடிக்கொண்டிருந்தது, துணி அடைத்துத்தான் இருந்தது. நான் போன பிறகு தங்கச்சி மேலே வந்திருக்கிறாள். நாற்காலி துடைக்க நல்ல துணி தேடியிருக்கிறாள். ஸ்பீக்கர் வாயில் இருந்ததை உருவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சத்தம் கூடியதைக் கவனிக்கவில்லையா என்று பிறகு கேட்டேன். "உன் சத்தத்துல எது கூடுன சத்தம், எது குறைஞ்ச சத்தம்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். அதுவும் நியாயம்தான். ஸ்பீக்கர் தெருவைப் பார்த்திருந்தது.

கடை, தெருமுனையில் சிலுவை நட்ட குருசடிக்கு எதிரே. கலர் பாட்டில்களோடு வெளியே வந்தால், குருசடிப் பக்கம் ஒரு வேன் நிற்கிறது. எங்கள் தெருவுக்குள் வேன் நுழையாது. பட்டுப்புடவையில் ஐந்து பெண்கள் பழத்தட்டுகளோடு இறங்கி நிற்கிறார்கள். தலை நிறைய மல்லிகை. இவர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. முன்னால் நின்ற அம்மாள் மாப்பிள்ளையின் தாயார். போட்டோவில் மகனுக்கு இருந்த அதே மூக்கு.

பாட்டில்களைக் கீழே வைத்துக் கும்பிட்டேன். "வாங்க மதினி, பொண்ணுக்கு மாமன்" என்று சொல்லி வாய் மூடவில்லை, தெருவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒற்றைப் பித்தளை. மெதுவாக, நீட்டி, நீட்டி.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய பெரியவர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். வெள்ளிக்கிழமைதான் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை சீக்கிரம் பேண்டு எப்படி வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைப் பிடித்து விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவும் கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, இது துக்க பேண்டுல்லா?"

"ஆமா மதினி. ஒரு வயசானவரு. நல்ல சாவுதான்."

"அப்ப நாங்க இன்னொரு நாள்..."

பெண்ணின் தாய்மாமன் நான். வந்தவர்களைத் திருப்பி அனுப்பலாமா? எனக்கும் ஒருநாள் பொறுப்பு வந்ததே என்று அத்தனை பொறுப்பும் அந்த நிமிடத்தில் வந்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாம். சாவு வீட்டைத் தாண்டித்தான் போகணும். தட்டையெல்லாம் வேனிலே வச்சிருங்க, பிறகு பயலுகள விட்டு எடுத்துக்கிடலாம். தலையில இருக்க பூவ மட்டும் எடுத்துட்டு, முக்காடு போட்டுக்கிட்டு விறுவிறுன்னு வந்திருங்க" என்றேன்.

நானே சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு கொண்டை ஊசியைக் கழற்றி, பூவை எடுத்துக் குருசடிச் சுவர்மேல் வைத்தார். மற்ற நால்வரும் எடுத்தார்கள். நான் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்குள் நடந்தோம்.

பெரியவர் வீட்டு வாசலுக்கு வந்தால், பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்களைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏலே, யாருலே செத்தா? நானும் அப்பலருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சத்தம் எங்கள் மாடியிலிருந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, வாத்தியக்காரனுக்குச் சுரம் உடைந்தது. பதினோராவது சிடி.

பதினாறு வருடம் கேட்ட இசை. பதினோரு பேரையும் இருட்டில் அடையாளம் சொல்வேன் என்று மார்தட்டியவன். தெருமுனையில் வயலின் எட்டவில்லை, கொம்பு மட்டும் எட்டியது. எனக்கே இழவுப் பேண்டாகத்தான் கேட்டது. இனி எந்த முகத்தோடு மற்றவர்களைக் குறை சொல்வது?

மாப்பிள்ளையின் அம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்தார், கலர் குடித்தார், மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். புறப்படும்போது தங்கச்சியிடம் தனியாகச் சொன்னார்: "புள்ளய எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா என் வீட்டுக்காரரு நடுக்கடல்ல இருக்காரு. இந்த நேரத்துல என் கையாலயே தலைப்பூவ எடுத்திருக்கேன். அவரு கரைக்கு வரட்டும். வந்தா பேசுவோம். வரலன்னா..." முடிக்கவில்லை. பிறகு தள்ளி நின்ற என்னைக் காட்டி, "உங்க அண்ணந்தான் எடுக்கச் சொன்னாரு" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தங்கச்சி வாயிலிருந்து நான் கேட்ட பேச்சை எழுதினால் எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

துணியை உருவியது நீதானே என்றேன். சிடியைப் போட்டது யார் என்றாள். கலர் வாங்கச் சொன்னது யார் என்றேன். நேற்றே வாங்கியிருந்தால் என்ன என்றாள். அந்த அம்மாள் இப்படிக் குருட்டு நம்பிக்கை வைக்கலாமா என்று கடைசியாக ஒன்றைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தங்கச்சி அடங்கிவிட்டாள். "அவ பயப்படுததுல தப்பில்ல அண்ணே. பூவ எடுத்தவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மருமகள் மாடிக்கு வந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அலுவலகத்தில் கணக்குத் தவறியவனிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லுதேன், அம்மாகிட்ட சொல்லப்படாது. நானும் அவரும் நாலு வருசமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

"எவரும்?"

"பாக்க வந்தாங்கல்லா, அந்த வீட்டு மாப்பிள்ளைதான். ரெண்டு வீட்டுலயும் அவங்களாப் பாத்த மாதிரி ஆக்கி, தரகரக்கூட நாங்கதான் ஏற்பாடு பண்ணி, இம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு வந்தோம். நீங்க ஒரு சிடியப் போட்டு எனக்குச் சங்கு ஊதிட்டிய."

"தோணி வந்திரும்ளா. நான் எத்தன தடவை போயிருக்கேன்."

"வந்தாலும் அத்தைக்கு மனசு விடணும்லா மாமா? நீங்கதான் கெடுத்திய. நீங்கதான் சரி பண்ணணும்."

தோணி மாலியிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று மட்டும் போன் வந்திருந்தது. நடுக்கடலில் போன் எடுக்காது. நாலு நாளில் வரவேண்டியது, ஆறு நாளாகியும் வரவில்லை. எதிர்காற்று, தண்டல் எங்காவது ஒதுங்கி நிற்பார், எஞ்சினைப் போட்டு டீசலை எரிக்க மாட்டார் என்று நான் சொன்னேன். இருபது பயணம் போனவன் சொல்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் பேச்சுக்கு அந்த வீட்டில் அந்த வாரம் மதிப்பே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா தினமும் கடற்கரைக் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், பூ வைப்பதில்லை என்று மருமகளுக்கு போனில் செய்தி வந்தது. அவள் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, அங்கேயே நிற்பாள். அப்படி நிற்பதற்குப் பதில் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம்.

ஏழாம் நாள் வேலை முடிந்து வந்தால், மொட்டை மாடியில் என்னவோ பளபளவென்று மின்னுகிறது. தங்கச்சி என் சிடிகளை நைலான் நூலில் கோத்து, கருவாட்டுக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்றில் சுற்றின. வெயிலில் மின்னின.

"என்னளா இது?"

"காக்கா வரமாட்டேங்கு" என்றாள். "பதினாறு வருசத்துல இன்னைக்குத்தான் இதுகளால ஒரு பிரயோசனம்."

அண்ணாந்து பார்த்தேன். அவசரக்காரன், ஆற்றி வாசிக்கிறவன், மாதா கோயில்போல எதிரொலிக்கிற இடத்தில் வாசித்தவன் எல்லாரும் நெத்திலிக்கு மேலே ஒருவரோடொருவர் உரசிக்கொண்டு தொங்கினார்கள். என்னால் பூ எடுத்தவர் ஒருவர் இருக்கும்போது, என் சிடியை ஏன் எடுத்தாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தோணி வந்தது. ஒன்றுமில்லை, எதிர்காற்று, ஒதுங்கி நின்றிருக்கிறார். நான் சொன்னதேதான். அதை நான் சொன்னேன் என்று நினைவு வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் தண்டலிடமிருந்து எனக்கே போன். "ஏ, நீருதானவே பூவ எடுக்கச் சொன்ன ஆளு? அந்த மாமன்?"

"நான்தான்."

"என் பொஞ்சாதி ஒருத்தருக்கும் பதில் சொல்ல மாட்டேங்கா. சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. பொழச்சு வந்தாச்சு, மறுபடி அந்தத் தெருவுக்குள்ள நான் எதுக்குப் போகணுங்கா. அது சாவுப் பாட்டு இல்லன்னு நீரு வந்து நிரூபிச்சுக் காட்டும். என்ன பாட்டுன்னு நானும் கேக்கணும்லா. சிடிய எடுத்துக்கிட்டு வாரும்."

மாடிக்கு ஓடினேன். மூன்று நாள் உப்புக்காற்று. ஒன்றோடொன்று உரசி முகமெல்லாம் கீறல். சோப்புப் போட்டுக் கழுவினேன், மெத்தென்ற துணியால் துடைத்தேன், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சில ஓடவே இல்லை. சில கிரீச்சிட்டன. உருப்படியாக ஓடியது ஒன்றே ஒன்று, எது என்று சொல்லவும் வேண்டுமா? நூலின் ஓரத்தில் கட்டியிருந்ததால் தப்பித்திருக்கிறது. இருமல், நாற்காலி, உடைந்த சுரம்.

மாப்பிள்ளை வீடு மாப்பிள்ளையூரணிப் பக்கம். பிளேயரைச் சாக்கில் சுற்றி, தங்கச்சியோடு பஸ்ஸில் போனேன். தண்டல் சாய்வு நாற்காலியில் இருந்தார், உப்புக்காற்றில் உரிந்த மூக்கோடு. மாப்பிள்ளை சுவரோரம் நின்றான். அம்மாள் அடுப்படி நிலைப்படியைத் தாண்டி வரவில்லை. தலையில் பூ இல்லை.

"இதுல மூணு பகுதி இருக்கு" என்று முன்னாலேயே சொன்னேன். "மூணும் சேர்ந்தாதான் ஒண்ணு. நடுவுல யாரும் எந்திரிக்கப்படாது."

"கடல்லயே எந்திரிக்காம இருந்தவன் நான். போடும்" என்றார் தண்டல்.

முதல் பகுதி ஓடியது. தண்டல் காலை ஆட்டினார். இரண்டாவது தொடங்கியது. அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டேன். உடைந்த சுரம் வந்தது.

"என்ன, பிசகிட்டானா?" அம்மாளின் குரல்.

"ஆமா மதினி. சபையில வாசிச்சது. நிறுத்தி, திரும்ப வாசிக்க முடியாது."

"பாவம். அத்தன பேருக்கு முன்னாடி" என்றார். பிறகு, "ஆனாலும் விடாம வாசிக்கான்" என்றார்.

பதினாறு வருடம் ஒதுக்கி வைத்த சிடிமேல் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. வந்த அதே நிமிடத்தில் அது சிக்கிக்கொண்டது. உடைந்த சுரத்துக்கு அடுத்த இடம். நீட்டி ஒரு சத்தம், டக், திரும்ப அதே நீட்டல், டக், திரும்ப. தட்டினேன். நகரவில்லை. வெளியே எடுத்து என் சட்டையில் துடைத்துப் போட்டேன். அதே இடம். மூன்றாவது பகுதிக்கு நேராகத் தாவுகிற பொத்தானை அமுக்கினேன். பிளேயர் மொத்தமாக நின்றுவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் அம்மாள். "நீட்டி நீட்டி இழுத்துட்டு நின்னு போச்சு. இதுக்கா இவ்வளவு தூரம்?"

மாப்பிள்ளை நல்ல பையன். போனில் தேடித் தருகிறேன் என்று தட்டினான். முதலில் நகைக்கடை விளம்பரம். அதைத் தள்ளிவிட்டால், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தனியார் பஸ்ஸின் ஹார்ன் சத்தம், ஐந்து நிமிடம் ஓடுகிற வீடியோ. தண்டல் காதைப் பொத்தினார். "ஏலே, அதுக்கு அந்தச் சாவுப் பாட்டே தேவலலே."

"மதினி, இதுக்கு அப்புறம் இன்னொண்ணு இருக்கு. அதக் கேட்டியன்னா..."

"எங்க இருக்கு?"

"என் மண்டைக்குள்ள இருக்கு."

அவர் நிலைப்படியைத் தாண்டி முன்னறைக்கு வந்தார். என் எதிரே நின்றார். "அப்ப பாடுங்க. பூவ எடுக்கச் சொன்ன வாய்தான? அதே வாயால பாடுங்க."

எனக்குப் பாட வராது. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பவன். தங்கச்சியைப் பார்த்தேன். அவள் புடவை நுனியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லை. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பப்பபாம், பப்பபாம், பபப்பபப்பாம்..." குதிரை ஓட்டம். கொம்பு முடிக்கிற இடத்தில் வயலின்காரர்கள் பதில் சொல்வார்கள், அதற்கு மூக்கால் ஒரு சத்தம். நாற்காலிக் கையில் தாளம். நடுவில் எச்சில் சிக்கி எனக்கும் ஒரு சுரம் உடைந்தது. நிறுத்தவில்லை. அந்த ஆளும் நிறுத்தவில்லையே.

முதலில் சிரித்தது தண்டல். பிறகு மாப்பிள்ளை. அம்மாள் சிரிப்பை அடக்க அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பினார், தோள் குலுங்கியது. திரும்பி, "இது நம்ம சப்பரம் தூக்கும்போது வாசிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார். "இதுல என்ன சாவு இருக்கு? நல்ல நாளைக்கு வாசிக்கிறதுதான? இத முதல்ல வச்சிருக்கலாம்லா, அந்த எழுதுன மனுசன்?"

அதைத்தானே மதினி நானும் பதினாறு வருடமாகக் கேட்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாய் காலியாக இல்லை.

"ஏலே" என்று அவர் மகனைக் கூப்பிட்டார். "முக்குக் கடையில பூ இருக்கும். எனக்கும் வாங்கு. உன் மாமியாளுக்குக் கொடுக்க ஸ்வீட்டும் வாங்கிட்டு வா."

மாமியாள் என்ற சொல்லைக் கேட்டதும் தங்கச்சி வாயிலிருந்து புடவை நுனியை எடுத்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவர் வாயும் மூடவில்லை. தவக்காலத்துக்கு முன்னாலா பின்னாலா, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை எப்போது வாசிப்பது, கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியா கோழியா என்று தண்டலும் அம்மாளும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நான் பாதியில் இருந்தேன். மூன்றாவது பகுதியில் மெல்ல அடங்குவதுபோல அடங்கி, கொம்பு ஒருதரம் தனியாகக் கூப்பிட்டு, எல்லாரும் சேர்ந்து பாய்கிற ஓர் இடம் இருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். "இருங்க, இப்ப வரும்" என்று கையைத் தூக்கினேன்.

"சும்மா இரு அண்ணே, தேதி பேசுதோம்லா" என்றாள் தங்கச்சி.

தனியாகவே பாடி முடித்தேன்.